ஏணி இல்லாத ஆப்பிள் தோட்டம்: மரத்தோட ஒசரமும் இடைவெளியும் நான் முடிவு பண்ண கதை

ஆறு வருஷம் முன்னாடி, அறுவடை நேரம், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். பழைய பிளாக்ல நாலாவது வரிசைப் பக்கமிருந்து மடார்னு ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா பன்னெண்டு பதிமூணு வயசுப் பையன் ஒருத்தன் புல்லுல உக்காந்திருக்கான், நல்லவேளை அடி ஒண்ணுமில்ல, கையில ஒரே ஒரு ஆப்பிள் பத்திரமா இருக்கு, அவன் தலைக்கு மேல என் தொடை தண்டிக்கு ஒரு கொப்பு பொளந்து பட்டையில தொங்கிட்டு இருக்கு. நான் வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடியே அவன் சொன்னான், "சாரி அண்ணா, இது மட்டும்தான் நல்லா செவப்பா இருந்துச்சு."

திட்டலாம்னு போனவன் அப்படியே நின்னுட்டேன். ஏன்னா அவன் சொன்னது சரி. அந்த வரிசை முழுக்க நடந்து பாத்தேன், 10 அடிக்கு மேல உச்சியில பழமெல்லாம் கண்ணப் பறிக்கிற செவப்பு, என் நெஞ்சு ஒசரத்துல, மரத்துக்கு உள்பக்கமா இருக்கிறதெல்லாம் பச்சையும் மங்கலுமா, சின்னச் சின்னதா. வர்றவங்களே பறிச்சுக்கிற தோட்டம்னு போர்டு வச்சிருக்கேன், ஆனா நல்ல பழத்த எல்லாம் மரம் கைக்கு எட்டாத எடத்துல வச்சிருக்கு. அப்போ ஏறத்தான் செய்வாங்க. ஏறாதீங்கன்னு எழுதி வச்சா மட்டும் ஏறாம இருந்துருவாங்களா.

பழைய பிளாக்ல நான் பண்ண தப்பு என்னன்னா, அத நட்டப்போ என் மனசுல இருந்தது மரத்தோட எண்ணிக்கை மட்டும்தான். எம்எம்106ங்கிற வேர்ச்செடில (வேருக்காக வளக்கிற செடி, அதுக்கு மேலதான் நமக்கு வேண்டிய ரகத்த ஒட்டுவாங்க) ஒட்டுப்போட்ட கன்னு, வரிசைக்குள்ள 8 அடி, வரிசைக்கு வரிசை 14 அடி. கன்னு குச்சி மாதிரி இருக்கும்போது ரெண்டுக்கும் நடுவுல 8 அடி விட்டா காடு மாதிரி காலியா தெரியும், "என்னடா இவ்ளோ எடத்த வேஸ்ட் பண்ற"ன்னு பாக்கிறவன் எல்லாம் கேப்பான், நமக்கும் அப்படித்தான் தோணும். ஆனா எம்எம்106ங்கிறது பாதிக்குட்டை வகை, நல்ல மண்ணுன்னா சும்மா விட்டா 14, 15 அடி போயிரும், பக்கவாட்டுலயும் அதுக்கு 10, 12 அடி வேணும். ஏழாவது வருஷத்துல கொப்பும் கொப்பும் கைகோத்துருச்சு, நடுப்பாதை குகை மாதிரி ஆயிருச்சு, பக்கவாட்டுல போக வழி இல்லாததால மரம் மேல மேல ஓட ஆரம்பிச்சுது. நெருக்கமா நட்டா மரம் சின்னதா இருக்கும்னு ஒரு நெனப்பு நெறைய பேருக்கு இருக்கு, எனக்கும் இருந்துச்சு. இல்ல. நெருக்கமா நட்டா மரம் ஒசரமாத்தான் ஆகும், சின்னதா ஆகிறது வேர்ச்செடியாலயும் காய்ப்பாலயும்.

அதனால புது பிளாக் ஒரு ஏக்கர் போடலாம்னு முடிவு பண்ணப்போ, இந்த தடவ பேப்பர்ல கட்டம் போட்டு மரத்த எண்றதுக்கு முன்னாடி ஒண்ணு தீர்மானிச்சேன். மொதல்ல கை. பறிக்கிறவங்க கை எவ்ளோ ஒசரம் போகும்னு பாத்துட்டு, அதுல இருந்து மரத்தோட ஒசரம், அதுக்கப்புறம் வரிசை இடைவெளி, கடைசியாத்தான் மரத்துக்கு மரம் இடைவெளி. பழைய பிளாக்ல இத தலைகீழா பண்ணிருந்தேன்.

கொட்டகைச் சுவர்ல சாக்பீஸ எடுத்துட்டு வீட்ல இருக்கிற எல்லாரையும் வரிசையா நிக்க வச்சேன். அம்மா, அக்கா, மச்சான், அக்கா பொண்ணு. கைய தூக்கித் தொடச் சொல்லி ஒரு கோடு. அம்மா அஞ்சடி ஆள், ஆறேகால் அடி தொட்டாங்க. மச்சான் ஆறடி, ஏழேமுக்கால் வரைக்கும் போச்சு. அப்போ அக்கா பொண்ணுக்கு ஆறு வயசு, நாலரை அடி, அதுவும் எக்கி நின்னு. இத வச்சே கணக்கு போட்டிருப்பேன், அம்மாதான் தடுத்தாங்க. "தொடறது வேற தம்பி, பறிக்கிறது வேற, எக்கி நின்னுட்டு எப்படி திருகுறது?"ன்னாங்க.

நியாயமான கேள்வி. ஆப்பிள புடிச்சு இழுக்கக்கூடாது, அடியில உள்ளங்கைய குடுத்து, லேசா மேல தூக்கி, ஒரு திருகு திருகணும், பழுத்த பழம்னா காம்போட கையோட வந்துரும். இழுத்தா பழம் நிக்கிற அந்தக் குட்டைக் காய்ப்புக் குச்சி, ஸ்பர்னு சொல்வாங்களே, அதோட பிஞ்சு வந்துரும், அதுலதான் அடுத்த வருஷத்து மொட்டே இருக்கும். எக்கிப் பறிக்கிறவங்க எல்லாரும் இழுக்கத்தான் செய்வாங்க, வேற வழி இல்ல. அதனால பழைய சாக்ஸ் ஒண்ணுல டென்னிஸ் பால போட்டு கயித்துல கட்டி, உத்தரத்துல இருந்து தொங்கவிட்டு, கயித்த ஏத்தி எறக்கி, எந்த ஒசரத்துல ஒவ்வொருத்தரும் குதிகால் தரையில இருக்க பால உள்ளங்கைல வாங்கித் திருக முடியுதுன்னு பாத்தோம். அம்மாவுக்கு அஞ்சரை. மச்சானுக்கு ஏழு. பாப்பாவுக்கு நாலடி கூட இல்ல, மூணேமுக்கால். ரெண்டாவது கோடு எல்லாருக்கும் மொத கோட்டுக்கு அரை அடில இருந்து முக்கால் அடி கீழ விழுந்துச்சு. அந்தக் கோடுகள் இன்னும் சுவர்ல இருக்கு.

ஆக, தோட்டத்துல நல்ல பழம் இருக்க வேண்டிய எடம் ரெண்டடில இருந்து ஏழடிக்குள்ள. அதுலயும் ஆறடிக்குக் கீழதான் பெரும்பகுதி இருக்கணும். பழம் கொப்புக்கு கீழ தொங்கும், காய் பாரத்துல கொப்பு இன்னும் தாழும், அதனால மரத்தோட உச்சி 8 அடில நின்னா போதும்னு வச்சேன். மொத கொப்பு தரையில இருந்து ரெண்டடி, சின்னப் புள்ளைங்களுக்கு அது பொக்கிஷம், ஆனா அதுக்கும் கீழ விட்டா பழம் மண்ணுல உரசும், மழையில சேறு தெறிக்கும், புல்லு வெட்டுற மெஷின் உள்ள போகாது, அடித்தண்டுல எலி கடிச்சாலும் தெரியாது.

இங்க ஒரு இழப்பு இருக்கு, அத மறைக்கக்கூடாது. வியாபாரத் தோட்டத்துல இப்போ எம்9 மாதிரி குட்டை வேர்ச்செடில 3 அடிக்கு ஒரு மரம், 11 இல்லன்னா 12 அடிக்கு ஒரு வரிசை, மரம் மெல்லிசா 10, 11 அடி ஒசரம், இப்படித்தான் போடுறாங்க, நெட்டைக் கதிர்னு வச்சுக்கலாம் அந்த வடிவத்த. ஏக்கருக்கு 1200 மரத்துக்கு மேல வரும். அங்க பறிக்கிறது பழகின ஆளுங்க, ஏணியோ நகர்ற மேடையோ வச்சு. நான் உச்சிய 8 அடில நிறுத்தினா மேல இருக்கிற அந்த ரெண்டு மூணு அடி காய்ப்பு எனக்குக் கெடையாது. போகட்டும். பழைய பிளாக்ல மேல இருந்த காய்ப்புல பாதி யாரும் பறிக்காம கீழ விழுந்து குளவி மொய்ச்சதுதான் மிச்சம்.

அடுத்தது வரிசை இடைவெளி. வெயிலுக்கு ஒரு கணக்கு உண்டு, மரத்தோட ஒசரம் வரிசை இடைவெளியில 90 சதவீதத்த தாண்டக்கூடாது, தாண்டினா ஒரு வரிசை நிழல் அடுத்த வரிசையோட அடிக்கொப்புல விழும். ஆப்பிளுக்கு முழு வெயில்ல 30 சதவீதமாவது கெடைக்காத கொப்புல பூமொட்டு ஒழுங்கா வைக்காது, நல்ல செவப்பு வேணும்னா பாதி வெயிலுக்கு மேல வேணும். இந்தக் கணக்குப்படி பாத்தா 8 அடி மரத்துக்கு 9 அடி வரிசையே போதும். சந்தோஷமா 9 அடி, சரி 10 அடின்னு வச்சுக்கலாம்னு எழுதிட்டேன்.

மறுநாள் காலையில மொளக்குச்சியும் கயிறும் எடுத்துட்டுப் போய் நெலத்துல 10 அடிக்கு ரெண்டு கோடு அடிச்சு, ஒவ்வொரு கோட்டுலயும் ரெண்டு பக்கமும் ரெண்டரை அடிக்கு காலி அட்டைப்பெட்டிய அடுக்கினேன், மரத்தோட அகலம்னு நெனச்சுக்கோங்க, நடுவுல மிச்சம் அஞ்சடி. அக்காவ தள்ளுவண்டில குழந்தைய வச்சு ஒரு பக்கமிருந்து வரச் சொன்னேன், மச்சான் எதிர்ப்பக்கமிருந்து கூடையோட. நடுவுல ரெண்டு பேரும் முட்டிக்கிட்டாங்க. மச்சான் ஒதுங்கினார், ஒதுங்கினதுல மூணு பெட்டி சரிஞ்சுது. "அதெல்லாம் பெட்டி இல்ல மச்சான், கொப்பு, காயோட இருக்கிற கொப்பு"ன்னேன். அதுக்கப்புறம் சக்கர நாற்காலிய திருப்பிப் பாத்தோம், அதுக்கு தனியா அஞ்சடி வட்டம் வேணும், பக்கத்துல ஒரு ஆள் நிக்கவும் எடம் வேணும். பெட்டிய தள்ளித் தள்ளி வச்சுக் கடைசில 8 அடி பாதை இருந்தாத்தான் ரெண்டு குடும்பம் எதிரெதிரா நின்னு பறிக்கும்போது மூணாவது ஆள் நடுவுல போக முடியுதுன்னு தெரிஞ்சுது. மரத்துக்கு 5, பாதைக்கு 8, மொத்தம் 13 அடி, அதாவது 4 மீட்டர். பழைய ஆளுங்க சொல்ற விதியும் கிட்டத்தட்ட இதேதான், மரத்தோட விரிவு எவ்ளோவோ அதுக்கு மேல 8 அடி, ஆனா அவங்க அத டிராக்டருக்காக சொன்னது.

13 அடி வரிசைக்கு 8 அடி மரம்னா நிழல் பிரச்சனையே இல்ல, காலையில பத்து மணிக்கெல்லாம் அடிக்கொப்பு வரைக்கும் வெயில் விழும். வரிசைய வடக்கு தெற்காத்தான் போட்டேன், அப்பத்தான் காலையில ஒரு பக்கம் சாயங்காலம் ஒரு பக்கம்னு ரெண்டு பக்கத்துக்கும் வெயில் பங்காகும். கிழக்கு மேற்கா போட்டா ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் பெரும்பாலும் நிழல்லயே கெடக்கும்.

இப்போ மரத்துக்கு மரம் எவ்ளோ? இதுலதான் நான் ரொம்ப நாள் மண்டைய ஒடச்சேன், இதத்தான் யாரும் ஒழுங்கா சொல்லவும் மாட்டேங்கிறாங்க. ஒசரமும் இடைவெளியும் தனித்தனி முடிவு இல்ல, ரெண்டும் ஒரே பையில இருக்கிற காசு மாதிரி. வேர்ச்செடி, ரகம், மண்ணு, இந்த மூணும் சேந்து மரத்துக்கு ஒரு பலத்த குடுக்குது, அந்தப் பலம் எங்கயாவது போய்த்தான் ஆகணும். 3 அடிக்கு ஒரு மரம் நட்டு 11 அடி வரைக்கும் விட்டா அது மேல போகும். அதே 3 அடில நட்டுட்டு நான் 8 அடில கத்தரிச்சா, போக எடம் இல்லாம அங்கயே நீர்ப்போத்தா, அதாவது காய்க்காம நேரா மேல ஓடுற போத்தா, வெடிக்கும், பழத்த விட எலை ஜாஸ்தியாகும். அதனால ஒசரத்துல எடுத்தத அகலத்துல திருப்பிக் குடுக்கணும். 3 அடிய 4 அடியா ஆக்கினேன். 13க்கு 4, ஏக்கருக்கு சுமார் 840 மரம். 1200ஐ விட கம்மி, பழைய பிளாக்கோட 390ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல.

வேர்ச்செடி எம்9. இதுக்கு ஒரு சின்ன கதை உண்டு, இங்கிலாந்துல கென்ட் பகுதில ஈஸ்ட் மாலிங்னு ஒரு ஆராய்ச்சி நிலையம், 1910கள்ல அங்க அதுவரைக்கும் ஐரோப்பா முழுக்க கலந்து கட்டி ஆளுக்கொரு பேர்ல வித்துட்டு இருந்த குட்டை வேர்ச்செடிய எல்லாம் பிரிச்சு நம்பர் போட்டாங்க, அந்த ஒன்பதாம் நம்பர்தான் இது. எம்எம்னு ஆரம்பிக்கிறது அப்புறம் மெர்ட்டன்ல இருந்த இன்னொரு நிலையத்தோட சேந்து உருவாக்கினது, வேர்ல வர்ற கம்பளி அசுவினிக்கு தாக்குப் பிடிக்கணும்னு. எம்9க்கு மரம் சும்மா விட்டாலே 8ல இருந்து 10 அடிதான், ரெண்டாவது மூணாவது வருஷமே காய்க்கும். கெட்டது ரெண்டு. வேர் பொடிப்பொடியா ஒடியும், அதனால ஆயுசு முழுக்க முட்டு வேணும். நெருப்புக் கருகல் நோய் வந்தா வேர்ச்செடியே செத்துரும், அந்த நோய் இருக்கிற பகுதின்னா ஜெனீவாங்கிற வேர்ச்செடி வரிசையில ஜி.41, ஜி.11 மாதிரி எதிர்ப்பு உள்ளத பாக்கணும். வரிசை முழுக்க எம்எம்106 நட்டு 8 அடில நிறுத்திருவேன்னு சொல்றவங்கள பாத்திருக்கேன். அது வருஷா வருஷம் மரத்தோட மல்லுக்கட்டுறது, கை வலிக்கும்போது தெரியும்.

எல்லா ரகத்துக்கும் 4 அடி கெடையாது. காலா, கோல்டன் டெலிஷியஸ், ஃப்யூஜி இதுக்கு 4. ஹனிகிரிஸ்ப் எம்9ல மந்தமாத்தான் வளரும், அதுக்கு 3. முட்சுவும் ஜோனகோல்டும் மூணு செட் குரோமோசோம் உள்ள ரகம், காட்டு வளர்ச்சி, அதுக்கு 5 வச்சேன். ஒரு வரிசைக்குள்ள பலமானதையும் மந்தமானதையும் கலக்கவே கூடாது, பலமானது பக்கத்துல இருக்கிறதோட வெயில தின்னுரும்.

இதுல இன்னொரு விஷயம், அந்த மூணு செட் ரகங்களோட மகரந்தம் மத்ததுக்கு உதவாது, அதுங்களுக்கும் வேற ரகம் வேணும். தேனீ ஒரு வரிசைக்குள்ளயேதான் ஜாஸ்தி போகும், பாதைய தாண்டி அடுத்த வரிசைக்கு அவ்ளோ லேசுல வராது. பழத்தோட்டத்துக்காரங்க ஒரே வரிசைக்குள்ள ரெண்டு ரகம் மாத்தி மாத்தி நடுவாங்க, ஆனா வர்றவங்களே பறிக்கிற எடத்துல அப்படி நட்டா யாருக்கு எது பழுத்தது எது காய்னு எப்படித் தெரியும், பழுத்த மரத்துல பறிச்ச கையோட பக்கத்து மரத்துல பச்சைக் காயையும் பறிச்சுக் கடிச்சுட்டு தூக்கிப் போடுவாங்க. அதனால வரிசைக்கு ஒரே ரகம், நடுவுல முட்டுக் கம்பம் இருக்கிற எடத்துல மட்டும் 60 அடிக்கு ஒண்ணா, மகரந்தத்துக்காக, மெல்லிசா ஒரு கிராப் ஆப்பிள், பொடிக் காய் காய்க்கிற ஆப்பிள் வகை. அது நெல்லிக்காய் சைஸ்ல காய்க்கும், யாரும் தொடமாட்டாங்க, எடமும் எடுக்காது. வாசல் பக்கம் சீக்கிரம் பழுக்கிற காலா, கடைசில ஃப்யூஜி. கடைசில பழுக்கிறது வாசல்ல இருந்தா சீசன் முழுக்க போறவங்க வர்றவங்க எல்லாம் பச்சைல ஒண்ணு கிள்ளிப் பாப்பாங்க.

முட்டு விஷயத்துல கொஞ்சம் நின்னு சொல்லணும். சாதாரணமா நாலஞ்சு கம்பி இழுப்பாங்க, ரெண்டடில ஒண்ணு, நாலடில ஒண்ணுன்னு. மக்கள் உள்ள வர்ற தோட்டத்துல அது ஆகாது, புள்ளைங்க கம்பிக்கு நடுவுல பூந்து அடுத்த வரிசைக்குப் போகும், கழுத்து ஒசரத்துல இருக்கிற கம்பி கண்ணுக்கே தெரியாது. நான் 30 அடிக்கு ஒரு கம்பம் நட்டு, ஏழரை அடில ஒரே ஒரு கம்பி, மரத்துக்கு மரம் ஒரு மெல்லிசு குழாய் அந்தக் கம்பியோட கட்டி, மரத்த குழாயோட ரெண்டு எடத்துல எட்டு வடிவத்துல தளர்வா கட்டினேன். அதுபோக ஒவ்வொரு 150 அடிக்கும் வரிசைய அறுத்து 12 அடிக்கு குறுக்குப் பாதை. அதுல கொஞ்சம் மரம் போச்சுதான், ஆனா தூக்க முடியாத கூடையோட வரிசை முழுக்க சுத்தி வரச் சொன்னா அடுத்த தடவ வரமாட்டாங்க.

அப்படி இருந்தும் ஒண்ணு கோட்டை விட்டேன். வரிசை முடியிற எடத்துல கடைசிக் கம்பம் சாயாம இருக்க வெளிப்பக்கமா ஒரு இழுகம்பிய தரையில ஆணி அடிச்சுக் கட்டுவோம்ல, சரியா ஆளுங்க திரும்புற எடம் அதுதான். மொத சீசன்லயே மூணு பேர் தடுக்கினாங்க, அதுல ஒருத்தன் நான். இப்போ அதுல மஞ்சக் குழாய் மாட்டி வச்சிருக்கேன். திரும்பவும் போட்டா அந்தக் கம்பத்துக்கு உள்பக்கமா, வரிசைக்குள்ளயே குறுக்குக் கட்டை குடுத்து முட்டுக் குடுப்பேன். வரிசை முனைல வண்டி திரும்ப 20 அடி விட்டேன், அதுவும் பத்தல, ஆளுங்கள ஏத்துற டிரெய்லர இழுத்துட்டு டிராக்டர் திரும்ப 30 அடி வேணும்.

நடுற அன்னிக்கு நடந்தத சொல்றேன், மொத்தத்துலயும் பெரிய நஷ்டம் அங்கதான். மூலை மட்டத்துக்கு 30 அடி, 40 அடி, 50 அடின்னு முக்கோணம் புடிச்சு செங்கோணம் எடுத்தோம், கயித்துல 4 அடிக்கு ஒரு சிவப்பு நாடா, அது வரைக்கும் சுத்தம். குழி தோண்ட ரெண்டு பேர உதவிக்கு கூப்ட்ருந்தேன். ஒட்டுப்போட்ட எடம், அடித்தண்டுல கொஞ்சம் வளைஞ்சு புடைப்பா இருக்குமே, அது தரைக்கு மேல நாலஞ்சு விரக்கடை, ஒரு அரை அடி வரைக்கும் கூட, வெளிய தெரியணும்னு சொன்னேன். மொத ஆறு வரிசைக்கு குழிக்கு குறுக்க ஒரு குச்சிய வச்சு நானே பாத்தேன், அப்புறம் சாப்பாட்டுக்கு போய்ட்டு வந்தா ஏழாவது வரிசைல ஆழமா நட்டு மண்ண அணைச்சு, ஒட்டு உள்ள போயிருச்சு. அவங்க மேல தப்பில்ல, ஆழமா நட்டுத்தான் அவங்களுக்குப் பழக்கம். நானும் பாத்தேன், சாயங்காலம் ஆயிருச்சு, புது மண்ணு, அமுங்கிரும்னு விட்டுட்டேன். அமுங்குச்சு, கன்னும் சேந்து அமுங்குச்சு.

ஒட்டு மண்ணுக்குள்ள போனா என்னாகும்னா, மேல இருக்கிற ரகம் தன்னோட சொந்த வேர விட ஆரம்பிக்கும். அப்புறம் எம்9ஓட அடக்கம் அதுக்கு கெடையாது, முழு மரமாத்தான் வளரும். மூணாவது வருஷம் பாத்தா ஏழாவது வரிசை மட்டும் மத்தத விட ஒரு முழம் ஒசரம், பூவே இல்ல, தண்டு தடிப்பு. மண்ண பறிச்சுப் பாத்தேன், பென்சில் தடிமன்ல ஒட்டுக்கு மேல இருந்து வெள்ளை வேர் நாலஞ்சு. குளிர்காலத்துல ஒவ்வொரு மரத்தையும் சுத்தி மண்ண விலக்கி அந்த வேர கத்தரிச்சோம், பாதி மரம் அடங்குச்சு, மீதிய பிடுங்கிட்டு புதுசா வச்சேன். ஒரு சாப்பாட்டு நேரம், மூணு வருஷம்.

இன்னொரு தப்பு ஹனிகிரிஸ்ப்ல. ரெண்டாவது வருஷம் மரத்துக்கு இருபது காய் புடிச்சுது, பாக்க ஆசையா இருந்துச்சு, விட்டுட்டேன். அதோட வளர்ச்சி நின்னுபோச்சு. மந்தமான ரகம் தனக்கு விட்ட எடத்த நெரப்பி முடிக்கிறதுக்கு முன்னாடி காய்க்க விட்டா அப்படியே குள்ளமா உறைஞ்சிரும், இன்னிக்கு வரைக்கும் அந்த வரிசை ஆறடிதான். அக்கா பொண்ணுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச வரிசை, அது வேற.

ஒசரத்த 8 அடில நிறுத்துறதுக்கு நான் பண்றது இதுதான். நடுத்தண்டு 8 அடிய தொட்டதும் வெட்டறது இல்ல, குளிர்காலத்துல வெட்டினா கோவத்துல நாலு போத்து விடும். 9, ஒன்பதரை வரைக்கும் விட்டு, உச்சியில காய்க்க விட்டா காய் பாரத்துல அதுவே வளையும், அப்புறம் கோடை கடைசில கீழ இருக்கிற ஒரு சோனிப் பக்கக்கிளைக்கு மேல வெட்டி, அந்தச் சோனிய புது உச்சியாக்குறது. பக்கக் கொப்புல எது நடுத்தண்டோட பாதித் தடிமன தாண்டுதோ அத வருஷத்துக்கு ரெண்டுன்னு, சாய்வா, அடியில கொஞ்சம் மூக்கு மாதிரி விட்டு வெட்டுவேன், அந்த மூக்குல இருந்து புது மெல்லிசு கொப்பு படுக்கையா வரும். சின்னக் கொப்பையெல்லாம் மொத ரெண்டு வருஷம் கயிறு கட்டி படுக்க வச்சேன், படுத்த கொப்பு சீக்கிரம் காய்க்கும், காய்ச்ச மரம் அடங்கும்.

பழைய பிளாக்கையும் விடல. மொதல்ல அவசரப்பட்டு நாலு மரத்துல ஒரே குளிர்காலத்துல 5 அடிய எடுத்தேன், அடுத்த கோடையில வெளக்கமாத்த தலைகீழா நட்டு வச்ச மாதிரி உச்சி முழுக்க நீர்ப்போத்து, முன்ன இருந்தத விட இருட்டு. மீதிய மூணு வருஷத்துல பிரிச்சு, வருஷத்துக்கு ஒரு பெரிய கொப்பு ரெண்டு பெரிய கொப்புன்னு எடுத்தேன். அதுக்கும் முன்னாடி ஒண்ணு விட்டு ஒரு மரத்த பிடுங்கினேன், 8 அடி 16 அடி ஆச்சு, நெஞ்சு வலிக்குதுன்னு சொல்வாங்களே அப்படி இருந்துச்சு. ஆனா மிச்சம் இருக்கிற மரம் ரெண்டு வருஷத்துல கை ஒசரத்துல செவக்க ஆரம்பிச்சுது.

இப்போ புது பிளாக்குக்கு அஞ்சு வயசு. சீசன் முடிஞ்சதும் ஒவ்வொரு வரிசையா நடந்து, பறிக்கப்படாம உச்சியில நிக்கிற பழத்த எண்றது என் வேலை, திட்டம் சரியா தப்பான்னு அதுதான் சொல்லும். காலா வரிசைல மரத்துக்கு ஒண்ணு ரெண்டு. கோல்டன்ல ஒண்ணுமே இல்ல, துடைச்சு எடுத்துட்டாங்க. முட்சுல பதினஞ்சு இருபது, 5 அடி குடுத்தும் பத்தல, அந்தப் பக்கம் பள்ளம், மண்ணு கொழுப்பு, மரம் பத்தடிய தாண்டி நிக்குது, கீழ நின்னு ரெண்டு பேர் அண்ணாந்து பாத்துட்டு இருந்தத நானே பாத்தேன். அந்த வரிசைல வர்ற குளிர்காலம் ஒண்ணு விட்டு ஒண்ணு போகுது, எதுன்னு நாடா கட்டியாச்சு, கடப்பாரையும் வெளிய எடுத்து வச்சாச்சு.